பள்ளி மறுப்பு: கிறிஸ்டோபர் கியர்னியின் ஆய்வுகள்

கிறிஸ்டோபர் கியர்னி அமெரிக்க உளவியலாளர். லாஸ் வேகாஸ் நகரில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். பள்ளிக்குச் செல்ல மறுக்கும் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான சிகிச்சை மையம் ஒன்றை அப்பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திவந்தார். ஒரு மாணவருக்கு என்ன நோய் என்று தேடுவதோடு நின்றுவிடாமல், பள்ளிக்கு வராமல் இருப்பதால் அவருக்கு என்ன கிடைக்கிறது, எதிலிருந்து அவர் தப்பிக்கிறார் என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆய்வுகளின் மையக் கருத்து. 1990ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இந்த ஆய்வுகள், வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு சிறிய குறியைப் பள்ளிகளும் மருத்துவர்களும் பார்க்கும் விதத்தை மாற்றின.

பழைய பெயர்கள்

பள்ளிக்கு வராத பிள்ளையைத் தமிழில் பொதுவாக "மட்டம் போடுகிறான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் திரையரங்குக்குப் போனவனும் அடங்குகிறான். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவளும் அடங்குகிறாள். ஆங்கிலத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைமை இதுதான். வராதவன் ஊர் சுற்றுபவன், அவனைப் பிடித்து வருவதற்கு ஓர் அதிகாரி, பிடித்து வந்தபின் தண்டனை என்பதே கட்டாயக் கல்விச் சட்டங்களின் நடைமுறையாக இருந்தது.

1932இல் இஸ்ரா பிராட்வின் என்ற அமெரிக்க மருத்துவர் வேறு ஒரு வகைப் பிள்ளையைப் பற்றி எழுதினார். இந்தப் பிள்ளை பல மாதங்கள் பள்ளிக்கு வராது. ஆனால் ஊர் சுற்றுவதில்லை. வீட்டிலேயே, தாயின் அருகிலேயே இருக்கும். பெற்றோருக்கு அது எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஏன் போகவில்லை என்று கேட்டால் புரியும்படியான காரணம் எதையும் அதனால் சொல்ல முடியாது. 1941இல் அடிலெய்டு ஜான்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் எட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையில் இதற்குப் "பள்ளி அச்சம்" என்று பெயரிட்டனர். பள்ளியைப் பார்த்துப் பயப்படுவதாகத் தோன்றினாலும், உண்மையில் தாயைப் பிரிவதற்கான பயமே அடியில் இருக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். குற்றம் பிள்ளையிடமிருந்து தாயின் தலைக்கு மாறியது. அவ்வளவுதான் முன்னேற்றம் என்றுகூடச் சொல்லலாம்.

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த லயனல் ஹெர்சாவ் 1960இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முறையானது. பள்ளியை மறுக்கும் 50 பேர், ஊர் சுற்றும் 50 பேர், இந்த இரண்டு சிக்கலும் இல்லாத 50 பேர் என மூன்று குழுக்களை அவர் ஒப்பிட்டார். முதல் குழுவினர் பெரும்பாலும் அடக்கமானவர்கள், வீட்டை அதிகம் சார்ந்திருப்பவர்கள், படிப்பில் அக்கறை உள்ளவர்கள். இரண்டாம் குழுவினரின் வீடுகளில் கண்டிப்பு ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதன்பின் இரு வகைகளும் தனித்தனித் தடங்களில் போயின. பயந்தவர்கள் மருத்துவரிடம் போனார்கள். பயமற்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இந்தப் பிரிவினை வசதியானதுதான். ஆனால் நடைமுறையில் இரண்டுக்கும் இடையில் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். தொடக்கத்தில் பயந்து வீட்டில் தங்கிய ஒரு மாணவர், இரண்டு மாதம் கழித்துத் தொலைக்காட்சியும் விளையாட்டும் பழகிப்போனதால் தங்குகிறார். அவர் எந்தத் தடத்தில் சேருவார்? வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 9 முதல் 16 வயது வரையுள்ள 1,422 பேரிடம் நடந்த ஒரு நீண்டகால ஆய்வின் முடிவுகளை ஹெலன் எக்கர், ஜேன் காஸ்டெல்லோ, அட்ரியன் ஆங்கோல்டு ஆகியோர் 2003இல் வெளியிட்டனர். பதற்றத்தால் மறுப்பவர்கள் 2 விழுக்காடு, ஊர் சுற்றுபவர்கள் 6.2 விழுக்காடு, இரண்டும் கலந்தவர்கள் 0.5 விழுக்காடு. முதல் இரு குழுக்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருந்தது. இரண்டும் கலந்த சிறு குழுவிலோ 88.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. இந்தச் சிக்கல் எதுவும் இல்லாத பிள்ளைகளிடம் அது 6.8 விழுக்காடு மட்டுமே. எந்தப் பெட்டியிலும் முழுமையாக அடங்காத பிள்ளைகளே மிகுந்த துன்பத்தில் இருந்தார்கள் என்பதையும், "ஊர் சுற்றி" என்று ஒதுக்கப்பட்டவர்களிலும் கால்வாசிப் பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

கியர்னியின் கேள்வி

கியர்னி ஆல்பனியில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது வெண்டி சில்வர்மனுடன் இணைந்து பணியாற்றினார். 1990இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, அச்சம், மறுப்பு, ஊர் சுற்றுதல் என்ற பழைய பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு "பள்ளி மறுப்பு நடத்தை" என்ற ஒரே பொதுப்பெயரின் கீழ் அனைவரையும் கொண்டுவந்தது. பிள்ளை தானாகவே பள்ளிக்குப் போக மறுப்பதும், போனாலும் நாள் முழுவதும் அங்கே இருக்கத் தவிப்பதும் இதில் அடங்கும்.

இந்த இரண்டாம் பகுதி கவனிக்கத்தக்கது. கியர்னி பள்ளி மறுப்பை இருக்கிறது, இல்லை என்று பார்க்கவில்லை. ஒரு நீண்ட கோடாகப் பார்த்தார். கோட்டின் ஒரு முனையில், அழுது கெஞ்சியபின் பள்ளிக்குப் போய்விடும் பிள்ளை இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு காலையும் சண்டை போட்டுக் கிளம்பும் பிள்ளை. பிறகு, தாமதமாக வரும் பிள்ளை, வாரத்தில் ஒருநாள் விடுபடும் பிள்ளை, நண்பகலில் கிளம்பிவிடும் பிள்ளை. மறுமுனையில் மாதக்கணக்கில் வராத பிள்ளை. வருகைப் பதிவேடு இந்தக் கோட்டின் கடைசிப் பகுதியை மட்டுமே காட்டும். அழுதுகொண்டே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவி பதிவேட்டைப் பொறுத்தவரை "வருகை" புரிந்தவள்தான்.

அவர் கண்ட அளவில், பள்ளி மறுப்பு ஆண்பிள்ளைகளிடமும் பெண்பிள்ளைகளிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. 10 முதல் 13 வயதுக்குள் அதிகம் காணப்படுகிறது. புதிய பள்ளிக்கு மாறும் பருவங்களில் கூடுகிறது.

நான்கு பயன்கள்

நடத்தையியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒரு செயல் தொடர்ந்து நடக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதற்குத் தீனி போடுகிறது. அந்தத் தீனி இரண்டு வகை. துன்பம் ஒன்று விலகுவதால் செயல் வலுப்பெற்றால் அது எதிர்மறை வலுவூட்டல். விரும்பிய ஒன்று கிடைப்பதால் வலுப்பெற்றால் அது நேர்மறை வலுவூட்டல். இதில் "எதிர்மறை" என்பதற்குக் கெட்டது என்று பொருளில்லை. ஒன்று கழிகிறது என்றே பொருள். பாடப்புத்தகம் படிக்கும் மாணவர்கள் பலர் இதைத் தண்டனை என்று குழப்பிக்கொள்வதுண்டு. தலைவலி மாத்திரை போட்டால் வலி போகிறது, அதனால் அடுத்தமுறையும் மாத்திரையைத் தேடுகிறோம். அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

பள்ளிக்குப் போகாமல் இருப்பதால் பிள்ளைக்குக் கிடைக்கும் பயன்களைக் கியர்னியும் சில்வர்மனும் நான்காக வகுத்தனர்.

முதலாவது, பள்ளியில் உள்ள ஏதோ ஒன்று எழுப்பும் கலக்கத்திலிருந்து விலகுதல். பேருந்து, வகுப்பறை மாறும்போது எழும் கூச்சல், உணவுக்கூடம், தீ எச்சரிக்கை மணி என எதுவாகவும் அது இருக்கலாம். பெரும்பாலும் பிள்ளையால் அதைச் சுட்டிச் சொல்ல முடியாது. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, மற்றவர்கள் தன்னை மதிப்பிடும் சூழல்களிலிருந்து தப்புதல். வகுப்பில் எழுந்து படிப்பது, தேர்வு, விளையாட்டு வகுப்பு, தெரியாதவர்களோடு பேசுவது போன்றவை இதில் அடங்கும். இவை இரண்டும் துன்பம் விலகும் வகை.

மூன்றாவது, பெற்றோர் அல்லது நெருக்கமான ஒருவரின் கவனத்தைப் பெறுதல். பள்ளியைப் பற்றி இந்தப் பிள்ளைக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. அம்மாவுடன் இருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். அம்மா வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மகிழ்ச்சியோடு பள்ளிக்கு வரும் என்பதே இதன் அடையாளம். நான்காவது, பள்ளிக்கு வெளியே கிடைக்கும் இன்பங்கள்: தூக்கம், விளையாட்டு, நண்பர்கள், கடைவீதி, சிலருக்குப் போதைப்பொருள். பழைய மொழியில் "ஊர் சுற்றுதல்" என்பது பெரும்பாலும் இந்த நான்காவது வகை. இவை இரண்டும் விரும்பியது கிடைக்கும் வகை.

சிறு பிள்ளைகளிடம் முதலாவதும் மூன்றாவதும், வளரிளம் பருவத்தினரிடம் இரண்டாவதும் நான்காவதும் கூடுதலாகத் தெரிகின்றன. ஒரே பிள்ளையிடம் இரண்டு பயன்கள் சேர்ந்திருப்பதும், ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. உணவுக்கூடத்தில் தனியாக உட்கார நேர்ந்த அவமானத்தால் வீட்டில் தங்கத் தொடங்கிய 13 வயது மாணவியை எண்ணிப்பார்க்கலாம். ஆறு வாரங்களுக்குப் பின் அவள் மதியம் வரை தூங்குகிறாள், இரவெல்லாம் கைப்பேசி. இப்போது இரண்டாவது பயனும் நான்காவது பயனும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. தொடக்கக் காரணத்தை மட்டும் சரிசெய்தால் அவள் திரும்பி வரமாட்டாள். இப்போதைய காரணத்தை மட்டும் பார்த்து "சோம்பேறி" என்று திட்டினாலும் வரமாட்டாள்.

அளவுகோல்

இந்த நான்கில் எது ஒரு பிள்ளையிடம் மேலோங்கி நிற்கிறது என்பதைக் கண்டறிய இருவரும் 1993இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். முதல் வடிவில் 16 வினாக்கள் இருந்தன. 2002இல் கியர்னி அதைத் திருத்தி 24 வினாக்களாக்கினார். ஒவ்வொரு பயனுக்கும் ஆறு. "ஒருபோதும் இல்லை" என்பதற்கு 0, "எப்போதும்" என்பதற்கு 6 எனப் பிள்ளை மதிப்பெண் இடவேண்டும். பெற்றோருக்குத் தனிப்படிவம் உண்டு. ஒவ்வொரு பயனுக்கும் சராசரி எடுத்து, எது அதிகமோ அதை முதன்மைப் பயனாகக் கொள்வார்கள். நெருங்கிய மதிப்பெண்கள் வந்தால் இரண்டையும் சமமாகக் கருத வேண்டும்.

பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தப் படிவம் தனியாக எதையும் தீர்மானிப்பதற்கு உரியதன்று. பிள்ளையும் பெற்றோரும் தருகிற விடைகள் மாறுபடுவது வழக்கம். தந்தை "விளையாட்டு மோகம்" என்கிறார். மகன் "வகுப்பில் வாய் திறக்கப் பயம்" என்கிறான். அந்த மாறுபாடே உரையாடலைத் தொடங்குமிடம். படிவத்தோடு நேர்காணல், வருகைப் பதிவு, காலை நேரத்தில் வீட்டில் நடப்பதைக் கவனித்தல் ஆகியவையும் சேர்ந்தபின்பே முடிவு எடுக்கப்படுகிறது. ஸ்பானியம் உட்படப் பல மொழிகளில் இது பெயர்க்கப்பட்டுள்ளது. ஸ்பெயினின் அலிகாண்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக்கொண்டு பெரிய மாணவர் குழுக்களில் ஆய்வுகள் நடத்தியுள்ளனர்.

நோயின் பெயரால் தீராதது

கியர்னியும் ஆன் மேரி அல்பானோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி மறுப்புக்காகச் சிகிச்சைக்கு வந்த 143 பேர் இடம்பெற்றனர். அவர்களிடம் அதிகம் காணப்பட்ட கோளாறு பிரிவுப் பதற்றம், 22.4 விழுக்காடு. பொதுவான பதற்றக் கோளாறு, எதிர்ப்புணர்வுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஆனால் மிகப்பெரிய குழு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், எந்த நோயின் வரையறைக்குள்ளும் வரவில்லை. மருத்துவரிடம் போய் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்பிய பெற்றோர், பிள்ளை நடிக்கிறது என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிது என்பதை இந்த மூன்றில் ஒரு பங்கு சொல்கிறது.

2007இல் வந்த மற்றொரு ஆய்வு 5 முதல் 17 வயது வரையுள்ள 222 பேரைப் பற்றியது. பயம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் அளவைவிட, மறுப்பின் பயன் எது என்பதே ஒரு பிள்ளை எத்தனை நாள் பள்ளியை இழக்கிறது என்பதை நன்றாகக் காட்டியது. மிகுந்த பதற்றம் உள்ள பிள்ளை அதிக நாள் விடுபடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது அப்படியே நடப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் வருகிற பதற்றக்காரர்கள் உண்டு. பெரிய பதற்றமின்றி மாதக்கணக்கில் வராதவர்களும் உண்டு.

பயனுக்கேற்ற சிகிச்சை

முதல் பயனுக்கு உடலின் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி தரப்படுகிறது: மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அதோடு, விலகியிருந்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்புதல். இதற்கு ஒரே வழி இல்லை என்பது கியர்னியின் நூல்களில் பாராட்டத்தக்க பகுதி. காலையில் ஒரு மணிநேரம் இருந்துவிட்டு வீடு திரும்பி, நாளடைவில் நேரத்தைக் கூட்டலாம். அல்லது பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து பள்ளி முடியும்வரை இருந்து, பின்னோக்கி நேரத்தைக் கூட்டலாம். உணவு வேளைக்கு மட்டும் வரலாம். பிடித்த ஒரு பாடத்துக்கு மட்டும் வரலாம். வகுப்பறைக்குப் பதில் நூலகத்தில் நாளைக் கழிக்கலாம். பின்னோக்கிய வழி குறிப்பாக நுட்பமானது: எல்லாரோடும் சேர்ந்து மணி அடித்தபின் வீட்டுக்குப் போகிற அனுபவம் முதல்நாளே கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் பயனுக்கு, "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்" போன்ற எண்ணங்களை எடுத்துவைத்துச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியும், உரையாடலை நடித்துப் பழகுவதும், பின்னர் உண்மையான சூழலில் இறங்குவதும். மூன்றாம் பயனில் சிகிச்சை பெரும்பாலும் பெற்றோருக்குத்தான். காலை நேர ஒழுங்கு ஒன்றை நிமிடக் கணக்கில் அமைத்தல், கெஞ்சலும் விளக்கமும் இல்லாத குறுகிய கட்டளைகள், அழுகைக்குக் கிடைத்த கவனத்தைக் கிளம்புதலுக்கு மாற்றித் தருதல். பிள்ளையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவது சரியா என்று பெற்றோர் பலரும் கேட்பார்கள். கியர்னி அதை அடியோடு மறுக்கவில்லை; ஆனால் நிபந்தனைகளை அடுக்குகிறார். பிள்ளை 11 வயதுக்குக் குறைந்ததாக இருக்க வேண்டும். பதற்றம் பெரிதாக இருக்கக்கூடாது. கவனம் பெறுவது மட்டுமே பயனாக இருக்க வேண்டும். பெற்றோரும் பள்ளியும் உடன்பட வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு இந்த வழி பொருந்தாது.

நான்காம் பயனுக்குக் குடும்ப ஒப்பந்தம். பெற்றோரும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சிறிய விஷயத்தில் பேரம் பேசி, எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். பள்ளிக்குப் போனால் வீட்டு வேலை செய்து காசு சம்பாதிக்கும் உரிமை கிடைக்கும் என்பது ஓர் எடுத்துக்காட்டு. வீட்டு வேலையைத் தண்டனையாக்காமல் உரிமையாக்குவது இதன் சாமர்த்தியம். கண்காணிப்பு கூட்டப்படுகிறது, தேவைப்பட்டால் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் பெரியவர் ஒருவர் உடன்செல்கிறார். நண்பர்கள் வெளியே அழைத்தால் முகம் முறியாமல் மறுக்கும் வழியும் சொல்லித்தரப்படுகிறது.

பொருந்தாத சிகிச்சை கொடுத்தால் என்ன ஆகும்? கியர்னியும் சில்வர்மனும் 1999இல் எட்டுப் பேரை வைத்து இதைச் சோதித்தனர். நால்வருக்கு அவரவர் முதன்மைப் பயனுக்கேற்ற சிகிச்சை. மற்ற நால்வருக்கு அவர்களிடம் மிகக் குறைவாக இருந்த பயனுக்குரிய சிகிச்சை. முதல் நால்வர் தேறினர். மற்ற நால்வரின் வருகை மேலும் குறைந்தது. பின்னர் பொருத்தமான சிகிச்சைக்கு மாற்றியபோது அவர்களும் தேறினர். எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இந்த ஆய்வின் மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆனாலும் நல்ல எண்ணத்தோடு தரப்படும் தவறான உதவி வெறுமனே பயனற்றுப் போவதில்லை, நிலைமையைக் கெடுக்கவும் செய்யலாம் என்பதை அது காட்டியது. தேர்வுக்குப் பயந்து வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் "போனால் கைப்பேசி, போகாவிட்டால் பறிமுதல்" என்ற ஒப்பந்தம் போடுவது அப்படிப்பட்ட உதவிதான்.

மற்றவர்களின் சோதனைகள்

பள்ளி மறுப்புக்கான அறிதல்–நடத்தைச் சிகிச்சையைப் பிறரும் சோதித்துள்ளனர். ஆஸ்திரேலியாவில் நெவில் கிங் குழுவினர் 1998இல் 34 பிள்ளைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நான்கு வாரச் சிகிச்சை அளித்தனர், மறுபகுதியினர் காத்திருந்தனர். சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குத் திரும்பினர். அதே ஆண்டு அமெரிக்காவில் சிந்தியா லாஸ்ட் குழுவினர் 56 பிள்ளைகளிடம் வேறொன்றைச் சோதித்தனர். ஒரு குழுவுக்கு இந்தச் சிகிச்சை. மற்றொரு குழுவுக்கு, பயத்தைப் பற்றிய விளக்கமும் ஆதரவான பேச்சும் மட்டும். இரு குழுவும் ஒரே அளவு முன்னேறின. பிள்ளை சொல்வதை வாரந்தோறும் ஒருவர் பொறுமையாகக் கேட்பதே பாதி மருந்தோ என்று எண்ணத் தோன்றும் முடிவு இது.

பிராண்டி மேனார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் எட்டு ஆய்வுகளை, மொத்தம் 435 பிள்ளைகளின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். உளவியல் சிகிச்சையால் வருகை கூடியது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சிகிச்சை முடிந்த கட்டத்தில் பதற்றம் அதே அளவுக்குக் குறைந்ததாகச் சான்று இல்லை. வகுப்புக்குத் திரும்பிவிட்ட பிள்ளை குணமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த முடிவை இரண்டுமுறை படிக்க வேண்டும். திரும்பி வந்த பின்னும் அந்தப் பிள்ளை பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

எதிர்க்கருத்துகள்

எல்லாரையும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது சரிதானா என்ற கேள்வி தொடர்ந்து எழுந்துவருகிறது. டேவிட் ஹெய்ன், மாலின் கிரென்–லாண்டெல், கிளென் மெல்வின், கரோலின் ஜென்டில்–ஜெனிட்டி ஆகியோர் 2019இல் நான்கு வகைகளைப் பிரித்தறிய வேண்டும் என்று வாதிட்டனர். பள்ளி மறுப்பும் ஊர் சுற்றுதலும் அவற்றில் இரண்டு. மூன்றாவது, பெற்றோரே பிள்ளையை நிறுத்திக்கொள்வது: தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ, நோயுற்ற தாய்க்குத் துணையாகவோ, பெற்றோரின் அக்கறையின்மையாலோ. நான்காவது, பள்ளியே பிள்ளையை வெளியே தள்ளுவது: முறையற்ற இடைநீக்கம், "நாளைக்கு வரவேண்டாம்" என்ற வாய்மொழி உத்தரவு, தேவையான வசதியைச் செய்துதராமை. கடைசி இரண்டிலும் பிள்ளை எதையும் மறுக்கவில்லை. மறுப்பின் பயன் என்ன என்று அங்கே கேட்டால் தவறான இடத்தில் தோண்டுவதாகும்.

இந்தத் திறனாய்வு வலுவானது. பயன் என்ற அணுகுமுறை கண்ணைப் பிள்ளையின் மீதும் வீட்டின் மீதும் பதிக்கிறது. பள்ளி பின்னணிக்குப் போய்விடுகிறது. கொடுமைப்படுத்தும் சகமாணவர்கள், அவமதிக்கும் ஆசிரியர், கண்டறியப்படாத கற்றல் குறைபாடு ஆகியவை இருக்கும் இடத்தில் மறுப்பு ஒரு நியாயமான தற்காப்பு. கியர்னியும் இதை அறிந்தவர்தான். உண்மையான அச்சுறுத்தல் இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும், பிறகே சிகிச்சை என்று அவர் வலியுறுத்துகிறார். ஆயினும் படிவத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவோர் அந்த முன்நிபந்தனையைத் தாண்டிப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பெயர் மாற்றத்தால் பார்வை மாறியதற்கு ஜப்பான் ஒரு சான்று. அங்கே முன்பு "பள்ளிக்குப் போக மறுத்தல்" என்ற பொருள்படும் சொல்லே வழங்கியது. 1990களில் அதன் இடத்தை "ஃபுதோகோ", அதாவது பள்ளிக்குப் போகாமை, என்ற சொல் பிடித்தது. இது எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடியது என்று 1992இல் அந்நாட்டின் கல்வி அமைச்சக அறிக்கை ஒன்று கூறியது. நோய், வறுமை அல்லாத காரணங்களால் ஆண்டில் 30 நாள் அல்லது அதற்குமேல் வராதவர்களை ஜப்பான் இப்பெயரில் கணக்கெடுக்கிறது. 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் அவர்களின் எண்ணிக்கை 3,46,482.

பள்ளி அளவிலான திட்டம்

2010க்குப் பின் கியர்னியின் கவனம் சிகிச்சை அறையிலிருந்து பள்ளி முழுவதற்கும் விரிந்தது. எத்தனை நாள் விடுபட்டால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு 2008இல் அவர் சில வரையறைகளை முன்வைத்திருந்தார். இரண்டு வாரங்களில் பள்ளி நேரத்தின் 25 விழுக்காட்டை இழப்பது; குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை குலையும் அளவுக்கு இரண்டு வாரம் வகுப்புக்குப் போகத் திணறுவது; 15 வாரங்களுக்குள் 10 நாள் விடுபடுவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். ஒரு நாளின் கால்பகுதி போனாலே அதை விடுபட்ட நாளாகக் கணக்கிட வேண்டும் என்றும் அவர் சொன்னார். முதல் பாடவேளைக்குத் தவறாமல் தாமதமாக வரும் மாணவர், நண்பகலில் தலைவலியோடு கிளம்பும் மாணவி ஆகியோர் இந்தக் கணக்கில் முன்கூட்டியே கண்ணில் படுவார்கள்.

2014இல் பட்ரீசியா கிராச்சிக்குடன் சேர்ந்து மூன்று அடுக்குத் திட்டம் ஒன்றை அவர் வெளியிட்டார். முதல் அடுக்கு எல்லா மாணவர்களுக்குமானது: பாதுகாப்பான பள்ளிச் சூழல், கொடுமைப்படுத்தலைத் தடுத்தல், பெற்றோருடன் தொடர்பு, வருகையை ஒழுங்காகக் கவனித்தல். இரண்டாம் அடுக்கு விடுபடத் தொடங்கியவர்களுக்கு. மேலே சொன்ன பயனுக்கேற்ற சிகிச்சைகள் இங்கே வருகின்றன. மூன்றாம் அடுக்கு நீண்டகாலம் வராதவர்களுக்கு: மாற்றுக் கல்வி ஏற்பாடுகள், பல துறைகள் சேர்ந்த உதவி.

பெரும்பாலானோர் முதல் அடுக்கிலும், சிலரே மூன்றாம் அடுக்கிலும் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின்மேல் இந்தக் கூம்பு அமைந்தது. கொரோனாப் பெருந்தொற்று அந்த எதிர்பார்ப்பை அசைத்துவிட்டது. பள்ளி நாட்களில் 10 விழுக்காடு அல்லது அதற்குமேல் இழப்பதை அமெரிக்காவில் "நாள்பட்ட வராமை" என்கிறார்கள். 180 நாள் கொண்ட கல்வியாண்டில் அது 18 நாள். பெருந்தொற்றுக்கு முன் மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் இந்த நிலையில் இருந்தனர். 2021–22ஆம் கல்வியாண்டில் அது கால்பங்கைத் தாண்டியது. நான்கில் ஒருவர் விடுபடும் பள்ளியில் ஒவ்வொருவருக்கும் படிவம் கொடுத்து, நேர்காணல் நடத்தி, எட்டு வாரம் சிகிச்சை தர எந்த ஆலோசகராலும் முடியாது. அங்கே வேலை மீண்டும் முதல் அடுக்குக்கு வருகிறது: பேருந்து நேரம், காலை உணவு, வகுப்பு தொடங்குமுன் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர், இரண்டாம் நாள் வராதபோதே வீட்டுக்குப் போகும் தொலைபேசி அழைப்பு.